கிளட்ச் தேயுதுங்க, என்ன பண்றது? – வாசகர் கேள்வி பதில்

இந்த மாசம் வந்த கேள்வில பாதிக்கு மேல கிளட்ச் பத்தித்தானுங்க. நம்ம கோயமுத்தூர் பக்கம் செட்டிபாளையத்துல இருக்கற கரி ரேஸ் டிராக்ல லீவு நாள்ல வண்டி ஓட்டற பசங்க எண்ணிக்கை கூடிருச்சுன்னு இதுலயே தெரியுது, சந்தோசமா இருக்கு. அதனால இந்த தடவ மத்த கேள்வியெல்லாம் ஒதுக்கி வெச்சுட்டு இதுக்கு மட்டும் விலாவாரியா எழுதறேன்.

கேள்வி (சூலூர் வாசகர்): அண்ணா வணக்கமுங்க. எங்கிட்ட 2007 மாடல் ஸ்விஃப்ட் 1.3 பெட்ரோல் இருக்குதுங்க. பின் சீட்டெல்லாம் கழட்டிப்போட்டு பக்கெட் சீட்டு, ரோல் கேஜ் போட்டு ஸ்போர்ட்ஸ் கார் மாதிரியே வெச்சிருக்கேன், இஞ்சின்ல ஒண்ணும் கை வெக்கல. மாசத்துக்கு ஒருக்கா டிராக்குக்கு எடுத்துட்டு போவேன், மத்த ஞாயித்துக்கிழமைல எங்க சொந்தக்காரரோட நெல்லுக் களத்துக்கு பக்கத்துல இருக்கற காலி இடத்துல ஸ்டார்ட் பிராக்டிஸ் பத்துப் பன்னெண்டு தடவ பண்ணுவேன். ஆறு மாசத்துல ரெண்டாவது கிளட்ச் பிளேட்டும் போயிருச்சுங்க. மெக்கானிக் அண்ணன் செராமிக் பிளேட்டும் ஹெவி பிரஷர் பிளேட்டும் போட்டுரலாங்கறார். போடலாங்களா?

பதில்: தம்பி, ஆர்டர் போடறதுக்கு முன்னால சித்தெ நில்லுங்க. உங்க இஞ்சின் 1298 சிசி, 87 குதிரை, டார்க், அதாவது சுத்தற விசை, 113 நியூட்டன் மீட்டர். அதுல ஒண்ணும் மாத்தலைன்னா கம்பெனி பிளேட்டே அந்த டார்க்கை தாங்கும், கொஞ்சம் மிச்சமும் வெச்சுத்தான் செஞ்சிருப்பாங்க. ரேஸ் ஓட்டறதால பிளேட் தேயுதுன்னு எல்லாரும் பொதுவா சொல்லிப்போடறாங்க ஆனா நெசமா பாத்தா நீங்க நேர் ரோட்ல ஆறாயிரம் ஆர்பிஎம்ல கத்திக்கிட்டு போறப்ப பிளேட் தேயறதே இல்லீங்க, ஏன்னா ஃப்ளைவீலும் (இஞ்சினோட சுத்தற கனமான சக்கரம்) பிரஷர் பிளேட்டும் (பிளேட்டை அது மேல அழுத்தற தட்டு) அதை நடுவுல வெச்சு கவ்வியிருக்கு, மூணும் ஒரே வேகத்துல சுத்துது, உரசறதுக்கு அங்க வழியே கிடையாது. இஞ்சின் ஒரு வேகத்துலயும் கியர்பாக்ஸ் வேற வேகத்துலயும் இருக்கற அந்த ஒண்ணு ரெண்டு செகண்ட் வழுக்கல் இருக்குது பாருங்க, அங்கதான் மொத்த தேய்மானமும்.

அதுல எவ்வளவு சூடு உண்டாகுதுன்னு ஒரு கணக்கு போட்டு பாத்துரலாம். வண்டி, நீங்க, ரோல் கேஜ், பெட்ரோல் எல்லாம் சேத்து 1050 கிலோன்னு வெச்சுக்கங்க. உங்க வண்டிக்கு ஃபர்ஸ்ட் கியர்ல ஆயிரம் ஆர்பிஎம்முக்கு சுமார் ஏழரை கி.மீ. வேகம் வரும். 5000-ல ஆக்ஸிலரேட்டரை பிடிச்சு வெச்சுட்டு கிளட்ச்சை மெதுவா விட்டீங்கன்னா, வண்டி 38 கி.மீ. வேகத்தை தொடற வரைக்கும் பிளேட் வழுக்கிட்டேதான் இருக்கும். அந்த நேரத்துல இஞ்சின் குடுக்கற சக்தில பாதி வண்டியை நகத்தும், மீதிப் பாதி அப்படியே சூடாகி பிளேட்லயும் ஃப்ளைவீல்லயும் எறங்கும். அந்தப் பாதி கிட்டத்தட்ட 58 கிலோ ஜூல். ஒரு டம்ளர் பச்சைத்தண்ணி, 200 மில்லி, அதை அடுப்புல வெச்சு கொதிக்க வெக்க எவ்வளவு சூடு வேணுமோ அவ்வளவு சூடுங்க இது. ரெண்டே செகண்ட்ல, ஒரு சாப்பாட்டுத் தட்டை விட சின்னதா இருக்கற பிளேட்டு மேல. இதையே 2500-ல பிடிச்சு விட்டா 19 கி.மீ. வேகத்துலயே கவ்விரும், சூடு 15 கிலோ ஜூல்கூட வராது. ஆர்பிஎம் பாதியாச்சுன்னா சூடு கால்வாசி ஆகுது, வேகத்தோட வர்க்கத்துல போற கணக்கு இது.

இப்ப உங்க ஞாயித்துக்கிழமை பிராக்டிஸை நெனச்சு பாருங்க. பத்து ஸ்டார்ட், ஒண்ணு பின்னால ஒண்ணு, நடுவுல திருப்பிட்டு வர்ற ஒரு நிமிசந்தான் இடைவெளி. ரெண்டு லிட்டர் தண்ணி கொதிக்கற சூடு கிளட்ச்சை மூடியிருக்கற பெல் ஹவுசிங்குங்கற கூட்டுக்குள்ள அடைஞ்சு கெடக்குது, காத்து போக வழி கம்மி. நாலாவது அஞ்சாவது ஸ்டார்ட்லயே பிளேட்ல இருக்கற ரெசின், அதாவது பிசின், கருக ஆரம்பிச்சிரும், ஒரு மாதிரி கருகின வாசம் வரும், பிடிமானம் கொறையும், பிடிமானம் கொறைஞ்சா இன்னும் நேரம் வழுக்கும், வழுக்கினா இன்னும் சூடு. உங்க பிளேட்டு போனது டிராக்ல இல்லீங்க தம்பி, அந்த நெல்லுக் களத்துக்கு பக்கத்துலதான்.

அதனால மொதல்ல பிராக்டிஸை மாத்துங்க. ஒரு நாளைக்கு மூணு ஸ்டார்ட் போதும், ஒவ்வொண்ணுக்கும் நடுவுல கிளட்ச்சை தொடாம மூணு நாலு கி.மீ. சும்மா ஓட்டிட்டு வாங்க. 5000 வேண்டாம், 3000-ல வெச்சு பாருங்க. டயர் லேசா வழுக்கற அளவுக்கு பிளேட்டை சட்டுனு கவ்வ விட்டுட்டு காலை முழுசா எடுத்துருங்க, வழுக்கல் டயர்ல நடக்கட்டும், டயர் வெளிய காத்துல இருக்குது அதுக்கு ஆற வழியிருக்கு. ரேஸ் கெளம்பற வரிசைல, கிரிட்ல, நிக்கறப்ப ஃபர்ஸ்ட் கியர் போட்டு கிளட்ச்சை அமுக்கிட்டே நிமிசக்கணக்குல காத்திருக்கறதை நான் நெறைய பேருகிட்ட பாத்திருக்கேன், அது பெடலை அமுக்கறப்ப பிரஷர் பிளேட் விரல்களை தள்ளற ரிலீஸ் பேரிங்கை தின்னும். நியூட்ரல்ல வெச்சு காலை எடுத்துட்டு உக்காருங்க, லைட் எரிய ஆரம்பிச்சா கியர் போட்டா போதும்.

டிராக்ல உங்க தேய்மானம் எங்க வரும்னா கியர் கொறைக்கறப்ப. நாலுல இருந்து மூணுக்கு வர்றப்ப இஞ்சின் வேகம் கூடணும், அதை நீங்க ஆக்ஸிலரேட்டர் தட்டி கூட்டிக் குடுக்கலைன்னா பிளேட்டு வழுக்கி வழுக்கித்தான் இஞ்சினை இழுத்து மேல கொண்டு வரணும். ஒவ்வொண்ணும் ஸ்டார்ட்டை விட ரொம்ப சின்ன சூடுதான் ஆனா ஒவ்வொரு லாப்லயும் நாலஞ்சு தடவ நடக்குது, அதுவும் போக பிளேட் நடுவுல இருக்கற ஸ்பிரிங்குக்கு ஒவ்வொரு தடவயும் ஒரு இடி விழுது. பிரேக்ல குதிகாலை திருப்பி ஆக்ஸிலரேட்டரை தட்டற பழக்கம், ஹீல் அண்ட் டோன்னு சொல்றது, அதை வீட்டு வாசல்ல வண்டி ஆஃப்ல இருக்கறப்பவே உக்காந்து பழகுங்க. ஒரு மாசம் ஆகும். செராமிக் பிளேட் வாங்கற காசை விட இது பலன் குடுக்கும், நான் உறுதியா சொல்றேன்.

அடுத்தது கேபிள். உங்க வண்டி கிளட்ச் கேபிள்ல இழுக்கற மாதிரி. பிளேட் தேயத் தேய பிரஷர் பிளேட் ஃப்ளைவீல் பக்கம் நகரும், அதோட விரல்கள் ரிலீஸ் பேரிங்கை பாத்து வரும், அப்ப பெடல்ல மேல இருக்கற லூசு ஆட்டம் கொறைஞ்சுக்கிட்டே வரும். ஆட்டம் சுத்தமா இல்லாம போனா, நீங்க காலே வெக்கலைன்னாலும் கிளட்ச்சை யாரோ லேசா அமுக்கிட்டு இருக்கற மாதிரி ஆயிரும், அப்பறம் புது பிளேட்டும் நிக்காது. பெடலை கையால அமுக்கி பாருங்க, மொதல்ல சும்மா எறங்கி அப்பறம் கனம் தட்டணும். மேனுவல்ல போட்டிருக்கற அளவுக்கு அட்ஜஸ்ட் பண்ணி, ஒவ்வொரு டிராக் நாளுக்கு முன்னாலயும் இதை பாத்துருங்க, ரெண்டு நிமிச வேலை.

கடைசியா, கழட்டின பழைய பிளேட்டை தூக்கிப் போட்டுடாதீங்க, அதுதான் சாட்சி. எனக்கு இதை சொல்லிக் குடுத்தது கணபதி பக்கம் ஒரு லேத் பட்டறைல இருந்த பெரியவருங்க. 2003-ல கரி டிராக் வந்து கொஞ்ச நாள்ல நானும் இப்படித்தான் அடுத்தடுத்து பிளேட் மாத்திக்கிட்டு இருந்தேன். அவருகிட்ட ஃப்ளைவீல் கடைய குடுக்கப் போனப்ப பழைய பிளேட்டை கேட்டார். வெயில்ல தூக்கிப் பிடிச்சு, ரிவிட் தலை எவ்வளவு ஆழத்துல இருக்குதுன்னு ஒரு பக்கமா நகத்தை வெச்சு தடவிக்கிட்டே வந்தார். ஒரு பக்கம் நகம் நல்லா எறங்குச்சு, எதுத்த பக்கம் நகம் தட்டவே இல்ல, ரிவிட் மேல வந்து பளபளன்னு இருந்துச்சு. "கியர்பாக்ஸ் மாட்டறப்ப பிளேட் மேல தொங்க விட்டிருக்காங்க தம்பி, ஹப் கோணிருச்சு"ன்னார். அதேதான். நான் வேலைக்கு விட்ட பட்டறைல ஜாக் குடுக்காம கியர்பாக்ஸை ஷாஃப்டுல கோத்து அப்படியே விட்டுட்டு போல்ட் தேடிக்கிட்டு இருந்ததை என் கண்ணால பாத்தேன், அப்ப அது தப்புன்னு எனக்கு தெரியல. அன்னிலிருந்து கியர்பாக்ஸ் ஏத்தறப்ப நான் பக்கத்துலயே நிப்பேன்.

நீங்களும் பாருங்க. ரிவிட்டுக்கு மேல மிச்சம் இருக்கற ஆழம் வண்டியைப் பொறுத்து 0.3 இல்லைன்னா 0.5 மில்லிமீட்டருக்கு கீழ போனா பிளேட் முடிஞ்சுது. சுத்தி ஒரே மாதிரி தேஞ்சிருந்தா அது கால் பழக்கம். ஒரு பக்கம் மட்டும்னா கோணல். கண்ணாடி மாதிரி மின்னி கருப்பா இருந்தா சூடு. ஈரமா எண்ணெய்ப் பிசுக்கு இருந்தா பிளேட்டை எத்தனை மாத்தினாலும் பிரயோஜனமில்ல, கிராங்க் பின்னால இருக்கற ஆயில் சீல் இல்லைன்னா கியர்பாக்ஸ் ஷாஃப்ட் சீல் கசியுது, அதை மாத்தணும். இத்தனையும் சரியா இருந்து அப்பவும் வழுக்கினா மட்டும் நாம செராமிக் பத்தி பேசலாம். செராமிக் சூட்டை நல்லா தாங்கும் ஆனா கவ்வறது பட்டுனு கவ்வும், அவினாசி ரோட்ல சாயங்காலம் ஆறு மணிக்கு சிக்னல் சிக்னலா நகர்றப்ப வண்டி தவளை மாதிரி குதிக்கும், ஃப்ளைவீல் பரப்பையும் சீக்கிரம் அரிக்கும். நீங்க டிராக்குக்கு ஓட்டிட்டு போய் ஓட்டிட்டு வர்ற ஆளு, லாரில ஏத்திட்டு போற ஆளில்ல. உங்களுக்கு இப்போதைக்கு அது வேண்டாங்க.

கேள்வி (கணபதி, பட்டறையில் வேலை பழகும் வாசகர்): ஐயா, கிளட்ச் வேலைக்கு வர்ற ஃப்ளைவீல்ல நீலமா திட்டுத் திட்டா இருக்குதுங்க. எமரி பேப்பர் போட்டு தேச்சா போயிருது. அப்படியே மாட்டலாங்களா?

பதில்: கண்ணு, மாட்டாத. வேலை பழகறப்பவே இதை கேக்கறியே, ரொம்ப நல்லது. அந்த நீலம் வெறும் கறை இல்ல. வழுக்கல்ல அந்த இடம் மட்டும் பயங்கரமா சூடாகி சட்டுனு ஆறினதால வார்ப்பிரும்பு அங்க மட்டும் இறுகிப்போயிருக்கு. எமரி போட்டா கலரு போகும், இறுகினது போகாது. புது பிளேட் மாட்டினதும் அந்த இடம் மட்டும் தேயாம மேடா நிக்கும், பிளேட் முழுசா உக்காராது, வண்டி எடுக்கறப்ப கிடுகிடுன்னு ஆடும், அந்த மேட்டுலயே மறுபடி சூடு ஏறும்.

சாதா லேத்ல டூல் போட்டு கடஞ்சா டூல் அந்த இறுகின இடத்துல தாவிப்போயிரும், அங்க கொஞ்சம் மேடு நின்னுக்கும். கிரைண்டிங் பண்றதுதான் சரி. நம்ம கோயமுத்தூர்ல மோட்டார் பம்ப் வேலைக்குன்னு எத்தனை சர்ஃபேஸ் கிரைண்டர் இருக்குது, தேடி அலைய வேண்டியதில்ல. ஒண்ணு மட்டும் ஞாபகம் வெச்சுக்க, சில ஃப்ளைவீல்ல பிளேட் உரசற பரப்பும் பிரஷர் பிளேட் போல்ட் ஆகற பரப்பும் வேற வேற உயரத்துல படி மாதிரி இருக்கும். ஒண்ணை எவ்வளவு எடுக்கறியோ இன்னொண்ணையும் அவ்வளவே எடுக்கோணும், இல்லைன்னா கவ்வற பலம் மாறிப்போயிரும். ஆழமா வெடிப்பு இருந்தா கடையவே கூடாது, ஃப்ளைவீலை மாத்தச் சொல்லு. ஓனர் மொறைப்பார், பரவால்ல, அது ஆறாயிரம் ஆர்பிஎம்ல அவரு கால் பக்கத்துல சுத்தற சாமான். மாட்டறப்ப கையில கிரீஸ் இல்லாம பாத்துக்க, ஷாஃப்ட் பல்லுல மட்டும் லேசா ஒரு தடவு, துடைச்சு விடு. போல்ட்டை எதிர் எதிரா கொஞ்சம் கொஞ்சமா இறுக்கு.

கேள்வி (திருப்பூர்க்காரர், இப்போது அமெரிக்காவில் டெக்சாஸ்): அண்ணா, இங்க பழைய மாஸ்டா எம்எக்ஸ்-5 ஒண்ணு வாங்கி அமெச்சூர் ரேஸ் பழகறேனுங்க, இங்க அந்த வண்டிக்குன்னே ஸ்பெக் மியாட்டான்னு தனி கிளாஸ் இருக்குது. பத்துப் பதினஞ்சு லாப் ஆனதும் பெடல் தொளதொளன்னு ஆகி கியர் விழமாட்டேங்குது, ரிவர்ஸ் போட்டா கரகரங்குது. கிளட்ச் பிளேட் போச்சுங்களா?

பதில்: பிளேட் தேஞ்சா வண்டி வழுக்கும் தம்பி, கியர் விழாம போறது அதுக்கு நேர் எதிரான கம்ப்ளைன்ட். உங்க கிளட்ச் முழுசா விடுபடலைன்னு அர்த்தம். அந்த வண்டில கேபிள் கிடையாது, ஆயில் அழுத்தத்துல வேலை செய்யறது, கியர்பாக்ஸ் பக்கத்துல, அந்த அழுத்தத்தை வாங்கி கிளட்ச்சை விடுவிக்கற ஸ்லேவ் சிலிண்டர்னு சின்னதா ஒண்ணு இருக்கும். 1989-ல வந்த மாடல் அது, உங்களுது எந்த வருசம்னு நீங்க எழுதல ஆனா பழசுங்கறீங்க, ரப்பர் சீல் வயசாகி கசியறது சகஜம். ஸ்லேவ் சிலிண்டரோட தூசி ரப்பரை லேசா வெளிய இழுத்து பாருங்க, உள்ள ஈரமா இருந்தா முடிவு தெரிஞ்சுபோச்சு. எக்ஸாஸ்ட் சூடும் அந்தப் பக்கம் ஏறும், பழைய ஆயில் தண்ணியை உறிஞ்சி வெச்சிருக்கும், சூடானா அதுல ஆவிக்குமிழி வரும், பெடல் தொளதொளங்கும். ஸ்லேவ் சிலிண்டர், மேல பெடல் பக்கம் அழுத்தம் குடுக்கற மாஸ்டர் சிலிண்டர் ரெண்டையும் ஒண்ணாவே மாத்திருங்க, ஒண்ணை மட்டும் புதுசாக்கினா பழசு சீக்கிரம் மக்கர் பண்ணும். புது டாட் 4 ஆயில் ஊத்தி காத்து போக ப்ளீட் பண்ணுங்க. கியர்பாக்ஸை எறக்கவே வேண்டாம். சரி பண்ணாம கரகரன்னு கியர் போட்டுக்கிட்டே இருந்தீங்கன்னா கியர் சத்தமில்லாம விழ உதவற சின்க்ரோ ரிங் போயிரும், அது பெரிய செலவு.

கேள்வி (பொள்ளாச்சி வாசகர்): லைட் வெயிட் ஃப்ளைவீல் போட்டா கிளட்ச்சுக்கு நல்லதுன்னு ஃப்ரெண்டு சொல்றான், நெசமுங்களா?

பதில்: பாதி நெசம். இஞ்சின் சட்டுனு ஏறி எறங்கும், கியர் கொறைக்கறப்ப இஞ்சினை இழுக்க பிளேட்டுக்கு வேலை கம்மி, அந்த வகைல நல்லது. ஆனா வழுக்கல் சூட்டை வாங்கிக்கற பெரிய இரும்பே ஃப்ளைவீல்தான். அதைக் கொறைச்சா அதே சூடு சின்ன இரும்புல எறங்கும், சீக்கிரம் கொதிக்கும். ஸ்டார்ட்ல இஞ்சின் நின்னுரும்னு பயந்து இன்னும் ஆர்பிஎம் ஏத்தி பிடிப்பீங்க, அது இன்னும் மோசம். ஸ்டார்ட்ல ஜெயிக்கோணும்னா ஃப்ளைவீலை விட வண்டி எடையைக் கொறைங்க, மேல சொன்ன சூட்டுக் கணக்கு எடைக்கும் நேராவே பொருந்தும், நூறு கிலோ போச்சுன்னா பத்துல ஒரு பங்கு சூடு போச்சு. நம்ம ஊரு ரேஸ்காரர் கரிவர்தன் 800 சிசி மாருதி இஞ்சினை வெச்சு ஃபார்முலா மாருதின்னு ஒத்தை சீட்டு வண்டி செஞ்சு குடுத்து இந்தியா முழுக்க எத்தனை பசங்களை ரேஸுக்கு கொண்டு வந்தார், கரி டிராக்குக்கு அவரு பேருதான். அந்த சின்ன இஞ்சின் அந்த வேலையைச் செஞ்சதுக்கு வண்டியோட எடை கம்மியா இருந்தது ஒரு முக்கியமான காரணமுங்க. அதைப் பாத்து வளந்த ஊருல இருந்துக்கிட்டு நம்ம பசங்க மொதல்ல பார்ட்ஸ் கேட்டலாக்கை தூக்கறது எனக்கு வருத்தமாத்தான் இருக்குது.

கேள்வி (ராசிபுரத்திலிருந்து ஒரு அம்மா): எங்க பொண்ணு காலேஜ் முடிச்சுட்டு ஆட்டோகிராஸ் (நேரக் கணக்குல ஓட்டற கார் போட்டி) போட்டிக்கு பழகறாளுங்க, வீட்டுக்கு இருக்கறது ஒரே வண்டி. போன வாரம் கொல்லிமலை அறப்பளீஸ்வரர் கோயிலுக்கு போனப்ப பாதி மலைலயே கருகின வாசம். அவ ரேஸ் ஓட்டி கிளட்ச்சை கெடுத்துட்டாள்னு அவ அப்பா சத்தம் போடறார். அவ அழுதுட்டா. கிளட்ச் போயிருச்சான்னு நாங்களே பாக்க முடியுங்களா?

பதில்: பாக்கலாமுங்க அம்மா, பொண்ணை அழ வேண்டாம்னு சொல்லுங்க. கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவு, முன்னால வண்டி நிக்க நிக்க ஏத்தத்துல கிளட்ச்லயே வண்டியை பிடிச்சு நிறுத்தினா யாரு ஓட்டினாலும் அந்த வாசம் வரும். மலைல அன்னிக்கு யாரு ஓட்டினாங்கன்னு நீங்க எழுதல. ஏத்தத்துல நிக்கறப்ப ஹேண்ட் பிரேக்கை இழுத்துட்டு நியூட்ரல்ல நிக்கோணும், கெளம்பறப்ப கிளட்ச் கவ்வறது தெரிஞ்சதும் ஹேண்ட் பிரேக்கை விடோணும். வாசம் வந்தா வண்டியை ஓரமா போட்டு ஒரு கால் மணி நேரம் ஆற விடுங்க, ஒரு தடவ வாசம் வந்ததால பிளேட் முடிஞ்சு போயிடாது.

டெஸ்ட் ரொம்ப சுலபம். காலி ரோடா, சமமா இருக்கற இடத்துல, வண்டி நல்லா சூடானதுக்கு அப்பறம், நாலாவது கியர்ல 50 கி.மீ. வேகத்துல போங்க. ஆக்ஸிலரேட்டரை ஒரேயடியா முழுசா அமுக்கோணும். வண்டி மெதுவா வேகம் எடுத்து, ஆர்பிஎம் முள்ளும் அதோட சேந்தே மெதுவா ஏறுச்சுன்னா கிளட்ச் நல்லா இருக்குது. முள்ளு மட்டும் சர்ருனு மேல ஓடி வண்டி அங்கயே இருந்தா பிளேட்டு வழுக்குது. இந்த டெஸ்ட்டை உங்க பொண்ணையே ஓட்டச் சொல்லி, அவ அப்பாவை பக்கத்து சீட்ல உக்கார வெச்சு முள்ளைப் பாக்கச் சொல்லுங்க. முடிவு எதுன்னாலும் எனக்கு எழுதுங்கம்மா, அவ எந்த ஆர்பிஎம்ல ஸ்டார்ட் எடுக்கறாள்னும் சேத்து எழுதச் சொல்லுங்க, அடுத்த இதழ்ல அவளுக்குன்னு தனியா பதில் போடறேன்.